பூரணை கழிந்த மூன்றாம் இரவு: மட்டக்களப்பில் ஒரு மங்கல் வால்வெள்ளியைத் தேடுவது

வால்வெள்ளி ஒன்று வருகிறது என்று செய்தி வந்தால் கூடவே ஓர் எண்ணும் வரும். 'பொலிவெண் 8, சாதாரண பைனாகுலரில் பார்க்கலாம்' என்று போட்டிருப்பார்கள். அன்றிரவே கல்லடிக் கடற்கரையில் நாலைந்து பேர் பைனாகுலரோடு நிற்பார்கள். ஒருவர் கண்ணிலும் ஒன்றும் படாது. செய்தி பொய் என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். செய்தி பொய்யில்லை. அந்த எண் சொல்வது ஒன்று, இவர்கள் அதிலிருந்து எதிர்பார்த்தது வேறொன்று.

பொலிவெண் என்பது வானத்தில் ஒன்று எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதற்கான அளவு. அதில் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். ஐந்து படி வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு. ஒரு படிக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு 6 வரை தெரியும். நட்சத்திரம் ஒரு புள்ளி என்பதால் அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. வால்வெள்ளி புள்ளியல்ல. பனியும் தூசும் கலந்த சில கிலோமீற்றர் அகலக் கரு வெயிலில் சூடாகும்போது அதிலிருந்து கிளம்பும் வாயுவும் தூசும் பல்லாயிரம் கிலோமீற்றருக்கு, சிலவேளை லட்சக்கணக்கான கிலோமீற்றருக்கு விரிந்து கிடக்கும். கோமா என்பது அதைத்தான். அந்த ஒளி முழுவதையும் கூட்டி ஒரே புள்ளியில் குவித்தால் எவ்வளவு வெளிச்சம் வருமோ, அதுதான் செய்தியில் வந்த 8. ஒரு கரண்டி மாஜரினை ஒரு துண்டுப் பாணில் பூசினால் கண்ணுக்குத் தெரியும். அதையே முழு இறாத்தலுக்கும் பூசினால் பூசியதாகவே தெரியாது.

கணக்காகவே பார்ப்போம். முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு விரிந்து கிடக்கிற 8ஆம் பொலிவெண் வால்வெள்ளி ஒன்றின் ஒளியை அந்தப் பரப்பில் சமமாகப் பங்கிட்டால், ஒரு சதுர வில்விநாடிக்கு (வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) கிடைப்பது 21.6ஆம் பொலிவெண் அளவு வெளிச்சம். ஊர் வெளிச்சம் எட்டாத, நிலவில்லாத வானமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தானாக ஒளிர்கிறது. வானம் ஒருபோதும் முழுக் கறுப்பில்லை. ஆகவே நல்ல இருட்டில் வால்வெள்ளி இருக்கும் துண்டு பக்கத்து வானத்தைவிட இரு மடங்கு வெளிச்சமாக இருக்கும். பைனாகுலரில் ஒரு சாம்பல் பொட்டாகத் தெரிந்துவிடும். முழுநிலவு ஏறியதும் வானம் 18 அளவுக்கு வெளுத்துவிடுகிறது. அது 25 மடங்குக்கு மேல். வால்வெள்ளி தருகிற வெளிச்சத்தில் ஒரு துளியும் குறையவில்லை, ஆனால் இப்போது அது பக்கத்து வானத்தைவிட நூற்றுக்கு நான்கு பங்குகூடக் கூடுதலில்லை. அந்த மங்கலில் அவ்வளவு சின்ன வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. நடுவில் செறிவு கூடிய வால்வெள்ளி என்றால் நடுப்பொட்டு மட்டும் தப்பும், விளிம்பு கரைந்துபோகும்.

இதற்கு 17பி ஹோம்ஸ் என்ற வால்வெள்ளியைவிட நல்ல சாட்சி கிடையாது. 2007 ஒக்டோபர் 24 அளவில் அது திடீரென்று வெடித்துப் பொங்கியது. பொலிவெண் 17இல், பெரிய தொலைநோக்கிக்கு மட்டுமே எட்டக்கூடியதாகக் கிடந்தது, இரண்டு நாளுக்குள் 3ஐத் தொட்டுவிட்டது. ஏறக்குறைய ஐந்து லட்சம் மடங்கு. ஒக்டோபர் 26 பூரணை. ஆனாலும் பெர்சியஸ் விண்மீன்குழுவில் ஒரு புதிய நட்சத்திரம்போல அது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது, ஏனென்றால் ஒளி முழுவதும் ஒரு சின்னப் பொட்டில் குவிந்திருந்தது. அடுத்த வாரங்களில் அந்தத் தூசிக்கோளம் சூரியனைவிடப் பெரிதாக விரிந்தது. மொத்தப் பொலிவெண் பெரிதாக இறங்கவில்லை, நிலவும் ஒதுங்கிவிட்டது. இருந்தும் ஊர் வெளிச்சத்துக்குள் நின்றவர்களுக்கு அது மெல்ல மெல்லக் கரைந்துபோனது. பட்டியலில் கிட்டத்தட்ட அதே எண். கண்ணுக்குக் கிடைத்ததோ வேறு காட்சி.

ஆகவே மங்கலான வால்வெள்ளிக்கு விலைகூடிய தொலைநோக்கி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: முதலில் கலண்டரைப் பாருங்கள்.

மீன் பாடுவதைக் கேட்கப் பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போகிற ஊர் இது. நிலவைக் குறைசொல்ல இங்கே ஆள் சேராது. போயா விடுமுறை என்று எல்லோருக்கும் ஓய்வு கிடைப்பதும் அதே நாளில்தான். வால்வெள்ளிக்கு அதைவிட மோசமான இரவு மாதத்தில் இல்லை. ஆனால் கலண்டரில் அடையாளமிட்ட அந்தப் போயாவிலிருந்தே நல்ல நாளை எண்ணிப் பிடிக்கலாம். பூரணையன்று சூரியன் மறையும்போது நிலவு எழும். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். நமது 7.7 பாகை அகலக்கோட்டில் சூரியன் செங்குத்தாக விழுவதால் அந்தி சீக்கிரம் அடங்குகிறது: மறைந்து 70 முதல் 75 நிமிடத்தில் முழு இருட்டு. (ஆனி மாதத்தில் லண்டன் வானத்தில் அந்த முழு இருட்டு வருவதேயில்லை.) பூரணைக்கு மறுநாள் அந்தி அடங்குமுன் நிலவு வந்துவிடும். இரண்டாம் இரவு அரை மணி நேரம் கிடைக்கும். மூன்றாம் இரவு ஒரு மணிக்கு மேல், நான்காம் இரவு இரண்டு மணி நேரம். சங்கடஹர சதுர்த்தி விரதம் பிடிக்கிறவர்கள் நிலவு எழும் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்திருப்பார்கள். அவர்கள் காத்திருக்கும் அந்த நேரம் வரைக்கும்தான் வால்வெள்ளி பார்க்கிறவர்களுக்கும் இரவு.

விடிகாலை வால்வெள்ளிக்கு இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். பூரணைக்கு மூன்று நாள் முன்பு வரை, நிலவு மறைந்தபின் கிழக்கு வெளுக்கும்வரை ஓர் இருட்டு இடைவெளி இருக்கும்.

அரைநிலவு என்றால் முழுநிலவின் பாதி வெளிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். பத்தில் ஒரு பங்குதான். முழுநிலவின்போது சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நிலவின் தரையிலுள்ள குழிகளும் மேடுகளும் நிழலே காட்டாமல் ஒளியைத் திருப்பியடிக்கின்றன. அரைநிலவில் பாதி நிலம் நீண்ட நிழல்களால் நிறைந்திருக்கும். அதனால் வளர்பிறை அட்டமி வரை நம்பிக்கை இழக்கத் தேவையில்லை, அதிலும் வால்வெள்ளி நிலவிலிருந்து 90 பாகை தள்ளியிருந்தால். நிலவொளி காற்றில் சிதறுவது அந்தக் கோணத்தில்தான் மிகக் குறைவு. நிலவை ஒரு தென்னை மரத்துக்கோ சுவருக்கோ பின்னால் மறைத்து நிற்பதும் பலன் தரும். வானத்தின் வெளுப்பு குறையாது, ஆனால் கண்ணும் கண்ணாடியும் நேர் வெளிச்சத்திலிருந்து தப்பும்.

எங்கே நின்று பார்ப்பது? வாவிக்கு எந்தக் கரை என்பதைத் தீர்மானித்தாலே பாதிக் காரியம் முடிந்தது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை, மேற்கே வயற்பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் மட்டக்களப்பு, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஏ-4 வீதியோரம் ஊர்கள் இடைவெளியில்லாமல் வெளிச்சமாகக் கிடக்கின்றன. அந்தக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் வங்கக்கடல்தான். தூரத்தில் மீன்பிடி வள்ளங்களின் விளக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே விடியற்காலையில் கிழக்கே எழும் வால்வெள்ளிக்குக் கடற்கரையே நல்லது. மாலையில் மேற்கே இறங்கும் வால்வெள்ளியை அதே கடற்கரையில் நின்று தேடினால் ஊர் வெளிச்சம் முழுவதையும் தாண்டித்தான் பார்க்க வேண்டும். அதற்கு மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம், அல்லது அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறைக்கு மேற்கே வயல்வெளிப் பக்கம் போக வேண்டும். படுவான்கரை இருட்டுக்கு ஒரு விலையும் உண்டு: யானை. குளக்கட்டில் தனியாக நின்று வானத்தைப் பார்க்கிற வேலையே வேண்டாம். ஊருக்குள் ஒரு கோயில் வெளியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ, அந்த ஊராரிடம் சொல்லிவிட்டு நின்றால் போதும். நடுஇரவில் முக்காலியில் குழாயைப் பூட்டி வைத்திருப்பவரைப் பார்த்துச் சனம் நாலு கேள்வி கேட்பது நியாயம்தானே.

மேற்கு அடிவானத்தை அந்தி வேளையில் கண் வைத்துத் தேடுவதில் இந்தக் கரையோரத்தில் ஏற்கெனவே பழகிய கண்கள் நிறைய உண்டு. மாதாமாதம் பிறை பார்க்கிறவர்கள் அவர்கள். எந்தப் பக்கம் முகில் கலையும், அடிவானத்துக்கு எவ்வளவு மேலே புழுதி மண்டிக் கிடக்கும் என்பதை அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

முகிலுக்கு வருவோம். கிழக்கில் மழை வருடம் முழுவதும் பரந்து பெய்வதில்லை. கார்த்திகையில் தொடங்கித் தை வரை வடகீழ் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும். வருட மழையில் பெரும்பங்கு அப்போதுதான். அந்த மாரியில் முகில் கடலிலிருந்து வருவதால் இரவு பகல் பார்க்காது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. அப்போது பகல் வெயில் கொளுத்தும், ஆனால் 'கிழக்கு, ஊவா மாகாணங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை' என்ற வானிலை அறிவித்தல் நமக்கெல்லாம் மனப்பாடம். மலைப்பக்கம் திரளும் அந்த இடிமுகிலின் உச்சி குடைபோல விரிந்து மேற்கு வானத்தை மூடிவிடும். மாலை வால்வெள்ளிக்கு அதுதான் எமன். வெயில் போனதும் அதற்குத் தீனியில்லை. நடுச்சாமத்துக்குப் பிறகு சிதைந்து, காற்று தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும்போது கரையோர வானம் பெரும்பாலும் துடைத்துவிட்டதுபோல இருக்கும். எனவே கச்சான் காலத்தில் மாலை வால்வெள்ளி, விடிகாலை வால்வெள்ளி இரண்டும் ஒரே பொலிவெண்ணில் இருந்தால், விடிகாலையில் இருப்பதுதான் நமக்குச் சுகம். எழும்புவதுதான் கஷ்டம்.

முகிலிலும் எல்லாம் ஒன்றல்ல. உடைந்து உடைந்து போகும் தாழ்முகிலைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், இடைவெளியில் வானம் சுத்தமாக இருக்கும். ஆபத்தானது உயரத்தில் மெல்லிய சீலைபோலக் கிடக்கும் கீற்றுமுகில். நிலவில்லாத இரவில் அது இருப்பதே தெரியாது. நிலவு இருந்தால் அதைச் சுற்றி 22 பாகை ஆரத்தில் ஒரு வட்டம் கட்டும். அந்த வட்டத்தைக் கண்டால் மங்கல் வால்வெள்ளியை அன்றைக்கு மறந்துவிடலாம். வட்டம் தெரியாத அளவு மெல்லியது என்றால் அதைப் பிடிக்க ஒரு வழியுண்டு. வரைபடத்தில் வால்வெள்ளிக்குப் பக்கத்தில், பைனாகுலர் வட்டத்துக்குள்ளேயே, 8இலும் 9இலும் இருக்கிற இரண்டு நட்சத்திரங்களை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போது 9 காணாமல் போய் 8 மட்டும் நின்றால் முகில் கடக்கிறது. 9 திரும்பி வந்து இரண்டு நிமிடம் நிலையாக நிற்கும்போதுதான் வால்வெள்ளி இருக்கிறதா இல்லையா என்று சொல்லலாம். இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள் அகச்சிவப்புப் படம் முகில் கூட்டம் எப்பக்கம் நகர்கிறது என்று காட்டும். தலைக்கு மேலே ஐந்து நிமிடத்தில் நடக்கப்போவதை அந்த நட்சத்திரங்கள்தான் காட்டும்.

நிலவு வெளிச்சத்தை வெட்டக் கண்ணாடி வடிகட்டி ஏதும் இல்லையா என்ற கேள்வி எப்போதும் வரும். இதற்கு விடை வால்வெள்ளியைப் பொறுத்தது. தூசி நிறைந்த வால்வெள்ளி சூரிய ஒளியைத் திருப்பியனுப்புகிறது. நிலவும் அதையேதான் செய்கிறது. இரண்டும் ஒரே வெயில் என்றால் எந்தக் கண்ணாடியாலும் ஒன்றை விட்டு மற்றதைப் பிரிக்க முடியாது. 2024 ஒக்டோபரில் மாலை வானில் வந்த சுச்சின்ஷான்–அட்லஸ் தூசி நிறைந்தது. ஒக்டோபர் 12இல் அது பூமிக்கு மிக அருகில் வந்தது, 17இல் பூரணை. நிலவு மாலை வானத்தைவிட்டு நகரும்வரை பொறுத்திருப்பதைத் தவிர அதற்கு வேறு மருந்தில்லை.

வாயு நிறைந்த வால்வெள்ளி வேறு சாதி. இரண்டு காபன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு வெயிலில் கிளர்ந்து, 516 நனோமீற்றர் அலைநீளத்தை ஒட்டிப் பச்சையாகத் தானே ஒளிர்கிறது. அந்தக் குறுகிய பட்டையை மட்டும் விடும் வடிகட்டி நிலவொளியில் பெரும்பகுதியை வெட்டிவிடும். வால்வெள்ளியின் பச்சை தப்பி வரும். 2018 மார்கழியில் வந்த 46பி விர்டானன் இந்த வகை. டிசம்பர் 16இல் அது பூமியிலிருந்து 1 கோடியே 16 லட்சம் கிலோமீற்றரில், கார்த்திகைக் கூட்டத்துக்கும் உரோகிணிக்கும் பக்கத்தில் நின்றது. மொத்தப் பொலிவெண் 4 அளவில். ஆனால் இரண்டு முழுநிலவின் அகலத்துக்குப் பரவிக் கிடந்ததால், பரப்புக்குப் பங்கிட்டால் மேலே கணக்குப் போட்ட 8ஆம் பொலிவெண் வால்வெள்ளியைவிட அது பெரிதாக வெளிச்சமில்லை. டிசம்பர் 15இல் அரைநிலவு, 22இல் பூரணை. நிலவு வளர்ந்துகொண்டே வால்வெள்ளி இருந்த பக்கமே வந்தது. நமக்கோ அது மாரி உச்சம். இவ்வளவு அருகில் வந்த வால்வெள்ளிக்கு இதைவிடக் கெட்ட நாள் குறித்துக் கொடுக்க எந்தச் சாத்திரியாராலும் முடியாது.

கண்ணுக்குச் சில பழக்கங்கள் வேண்டும். இருட்டுக்குப் பழக அரை மணி நேரம். போன் திரையை ஒருமுறை பார்த்தால் அந்த அரை மணி போய்விடும். விழித்திரையின் நடுவில் மங்கலை உணரும் கலங்கள் இல்லை என்பதால் வால்வெள்ளிக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும், அது ஓரக்கண்ணில் எழும்பி வரும். தொலைநோக்கிக் குழாயை விரலால் மெல்லத் தட்டினால் அசையும் மங்கலைக் கண் சட்டென்று பிடிக்கும். 1946இல் ரிச்சர்ட் பிளாக்வெல் வெளியிட்ட ஆய்வு காட்டியதுபோல, மங்கலான ஒன்று எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு சின்ன வித்தியாசத்திலும் கண் அதைக் கண்டுகொள்ளும். அதனால் நிலவு இரவில் 7 மடங்கு பெருக்கிக் காட்டும் 7×50 பைனாகுலரைவிட 10 மடங்கு பெருக்கும் 10×50 கைகொடுக்கிறது. பயிற்சிக்கு வால்வெள்ளி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எம்33 என்ற விண்மீன் திரளின் மொத்தப் பொலிவெண் 5.7, நிலவில்லாத இரவில் படுவான்கரையில் அதைப் பைனாகுலரில் பிடிக்க முடிந்தவருக்கு மங்கல் வால்வெள்ளியும் வசப்படும். கடற்கரைக்காரருக்கு இன்னொரு சொல்: உப்புக்காற்று பட்ட கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் ஏறும், பெட்டிக்குள் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் படலமும் நிலவொளியைச் சிதறடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்கு அதிகம் செலவில்லை.

கமராவில் எடுத்தால் வானத்தின் வெளுப்பைக் கழித்துவிடலாமே என்பார்கள். கழிக்கலாம். சராசரி வெளுப்பு போகும், அதன் இரைச்சல், அதாவது படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் ஏற்ற இறக்கம், போகாது. வானம் 25 மடங்கு வெளுத்தால் இரைச்சல் ஐந்து மடங்கு. இருட்டில் ஒரு நிமிடத்தில் கிடைத்த தரத்தை எட்ட 25 நிமிடம் படம் எடுக்க வேண்டும். அதற்குள் வால்வெள்ளி நட்சத்திரங்களுக்கிடையே நகர்ந்தும் விடும்.

வால்வெள்ளியைக் கண்ட பிறகு வெளிச்சத்தை மதிப்பிடுவதுதான் ருசியான வேலை. தெளிவாகக் குவித்த நிலையில் கோமாவைப் பார்த்து அதன் அளவையும் மங்கலையும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும், பொலிவெண் தெரிந்த நட்சத்திரம் ஒன்றுக்குப் போய், அது கோமா அளவுக்கு ஊதிப் பெருக்கும்வரை குவியத்தைக் கலைக்க வேண்டும். அந்தத் தட்டு மனதில் உள்ள கோமாவைவிட வெளிச்சமா, மங்கலா? வெளிச்சம் என்றால் இன்னும் மங்கலான நட்சத்திரம் ஒன்று. 7.2க்கும் 8.0க்கும் நடுவே, 8.0க்குக் கிட்ட என்று தோன்றினால் 7.7 என்று எழுதலாம். நிலவு இருந்தால் கோமாவின் விளிம்பு கண்ணில் படாது. மதிப்பீடு இயல்பாகவே மங்கல் பக்கம் சாயும். ஒரே இரவில் ஒரே வால்வெள்ளிக்கு இருவர் ஒரு படி வித்தியாசத்தில் எழுதுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதனால்தான் நிலவு, முகில், கருவியின் விட்டம், கோமாவின் அகலம் எல்லாவற்றையும் மதிப்பீட்டோடு சேர்த்து எழுதச் சொல்கிறார்கள்.

கோப்ஸ் எனப்படும் சர்வதேச வால்வெள்ளித் தரவுத்தளம் இப்படிப்பட்ட பதிவுகளைத் தொழில்முறை அல்லாதவர்களிடமிருந்தும் வாங்குகிறது. தெரியவில்லை என்ற பதிவும் அங்கே ஏற்கப்படும், ஒரு நிபந்தனையோடு: அந்த இடத்தில் எவ்வளவு மங்கல்வரை பார்க்க முடிந்தது என்று சொல்ல வேண்டும். 'காணவில்லை' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. '9.0 வரை நட்சத்திரம் தெரிந்தது, வால்வெள்ளி இல்லை' என்றால் அது ஓர் அளவீடு. ஹோம்ஸைப் போல ஒன்று மறுநாள் வெடித்தால், வெடிப்பு எந்த மணிக்குப் பிறகு நடந்தது என்று குறுக்கிப் பார்க்க அந்த வரி உதவும். பூரணையை ஒட்டிய சில இரவுகளில் சிறுகோள்களையும் வால்வெள்ளிகளையும் தேடும் அரிசோனாவின் கட்டலினா போன்ற திட்டங்களே வேலையை நிறுத்திவைக்கின்றன. ஆனி மாதத்தையொட்டி, யப்பானில் விடிந்து, ஐரோப்பாவில் இன்னும் இருட்டாத கொஞ்ச நேரம் நமக்கு இரவு. வடக்கே துருவ நட்சத்திரம் எட்டுப் பாகை உயரத்தில், தெற்கே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து 35 பாகை வரை ஏறுகிற வானம் இது. வடக்கிலிருந்து தெற்கே கடந்து போகும் வால்வெள்ளியை ஐரோப்பியர் இழந்த பிறகும் இங்கிருந்து தொடரலாம், முகில் விட்டால்.